பயனீட்டாளர் உரிமை: ரசீதும் ஐந்து வெள்ளியும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தோட்டப்புறக் குடும்பங்கள் பொருள் வாங்கும் காட்சியை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிச் சேர்த்த பணம், ஒரே மாலையில் புடவையாகவும் பாத்திரமாகவும் மின்சாதனமாகவும் மாறுகிறது. அப்பணத்தைக் காக்கும் சட்டம் ஒன்று உண்டென்பதைப் பலர் அறிந்திலர்.

சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் விளக்கக் கூட்டம் முடிந்தபின், பால்வெட்டுத் தொழிலாளியான அம்மையார் ஒருவர் எம்மிடம் ஒரு ரசீதைக் காட்டினார். அவர் வாங்கிய குளிர்பதனப் பெட்டி இரண்டாம் வாரமே பழுதாகிவிட்டது. மூன்று முறை கடைக்குச் சென்றார். முதல் முறை, "முதலாளி இல்லை" என்றனர். அடுத்த முறை, "பிறகு வாருங்கள்" என்றனர். மூன்றாம் முறை, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினர். மூன்று பயணங்களுக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. "நாலாவது நாள் சம்பளத்தையும் எப்படி ஐயா விடுவது?" என்று கேட்டார் அவர். ரசீதின் தேதியைப் பார்த்தோம். நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டம் தரும் காலமோ மூன்று ஆண்டுகளே. நம்மால் அவருக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை.

அந்த அம்மையாரின் நிலை மற்றவர்க்கு வாராதிருக்கவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

நம் நாட்டில் பயனீட்டாளர் இயக்கம் புதிதன்று. சிலாங்கூர் பயனீட்டாளர் சங்கம் 1965இலேயே தோன்றியது. பயனீட்டாளர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஐக்கிய நாட்டுச் சபை 1985இல் ஏற்றது. மறு ஆண்டு இந்தியா இதற்கெனச் சட்டம் இயற்றியது. மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின்படி, வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும். எப்பயனுக்கென்று சொல்லி விற்கப்பட்டதோ அப்பயனைத் தருதல் வேண்டும். வருணித்தபடியே அமைதல் வேண்டும். இந்த உறுதிப்பாடுகள் எழுதித் தரப்படாவிடினும் சட்டத்தால் உண்டு. அவற்றை எந்த ஒப்பந்தமும் நீக்க முடியாது. ஆகவே, பழுதான பொருளைப் பொறுத்தவரை, ரசீதின் அடியிலுள்ள அந்த ஒற்றை வரி நம் உரிமையைப் பறிக்காது. பழுதைச் சீர்செய்யவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ நாம் கேட்கலாம். ஆனால், நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தர இச்சட்டம் உரிமை தருவதில்லை. வாங்குமுன்பே சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கும், நாமே தவறாகப் பயன்படுத்தியதால் நேர்ந்த கேட்டுக்கும் வணிகர் பொறுப்பாகார்.

வணிகர் இணங்காவிடில் எங்கே செல்வது? அதற்கென அமைந்ததே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் இதனைத் 'திரிபுனல் துந்துதான் பெங்குனா' என்பர். இதன் தலைமையகம் புத்ராஜெயாவில் உள்ளது. உள்நாட்டு வாணிப அமைச்சின் மாநில அலுவலகங்களில் இதுபற்றி விசாரிக்கலாம். தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரித்த இம்மன்றம், 2019 முதல் 50,000 வெள்ளி வரை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி மட்டுமே. இங்கு வழக்கறிஞர் வைத்துக் கொள்வதில்லை. கடைக்காரரும் நாமும் நேர் நின்று பேசுவோம். முதல் விசாரணை நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் தீர்ப்பு வழங்கப்படும். தீர்ப்பை நிறைவேற்றத் தவறுவது குற்றமாகும்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாக நினைவிற் கொள்வோம்.

1. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துக. மை மங்கிவிடக்கூடும், ஆதலால் ஒரு படி எடுத்து வைக்க.

2. பழுது கண்டவுடன் கடைக்குத் தெரிவிக்க. காலம் தாழ்த்தினால் பொருளை மறுக்கும் உரிமை குறையும்.

3. வாய்ச்சொல்லோடு நில்லாது, ஒரு கடிதம் எழுதி, அதன் படியைக் கைவசம் வைத்துக்கொள்க. சென்ற நாளையும் பெற்ற மறுமொழியையும் குறித்து வைக்க.

4. பயனில்லையேல், முதலாம் பாரத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ நிரப்பி மன்றத்தில் பதிக. இணையம் வழியாகவும் பதியலாம். பள்ளியில் பயிலும் பிள்ளைகள் பெற்றோருக்கு இதில் உதவலாம்.

5. விசாரணை நாளில் ஆதாரங்களோடு தவறாது செல்க.

இம்மன்றத்திற்கு எல்லைகளும் உண்டு. சொந்த உபயோகத்திற்கும் வீட்டு உபயோகத்திற்கும் வாங்கியவையே இங்கு விசாரிக்கப்படும். பக்கத்து வீட்டாரிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் இதில் அடங்காது, அவர் வணிகரல்லர். உடற்காயம், நிலத் தகராறு ஆகியனவும் சேரா. சம்பளத் தகராறுக்குத் தொழிலாளர் இலாகாவையே நாட வேண்டும்.

பால் எடை போடும்போது நம் தொழிலாளர்கள் தராசின் முள்ளைக் கண்கொட்டாமல் பார்ப்பர். கால் கிலோ குறைந்தாலும் கேட்பர். அந்தப் பாலால் வந்த பணத்தைக் கடையில் கொடுக்கும்போது மட்டும் ஏன் கேளாதிருத்தல் வேண்டும்? ஏழைத் தொழிலாளி மற்றொரு நாள் சம்பளத்தை இழக்க அஞ்சுவான் என்பதே நேர்மையற்ற வணிகரின் கணக்கு. நான்காம் முறையும் கடைவாசலுக்கு அலையாமல், அந்த ஒரு நாளை மன்றத்திற்குக் கொடுத்தால் அக்கணக்கு பொய்த்துவிடும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர் நம் முன்னோர். உங்கள் வீட்டில் பழுதான பொருளின் ரசீது ஏதேனும் இருக்குமாயின், இன்றே எடுத்து அதன் தேதியைப் பாருங்கள்.