சிறு குழு இசைநாடகத்தில் நடிகரின் வேலை

ஐந்தாறு பேர் மட்டுமே நடிக்கும் புதிய மேடை இசைநாடகத்தில், நடிகருக்கு வழக்கமாகக் கிடைக்கும் இரண்டு துணைகள் இருக்காது. பின்னால் நின்று குரல் சேர்க்கும் கோரஸ் இல்லை. முன்பு யாரோ பாடி நடித்த முன்மாதிரியும் இல்லை. நியூயார்க், லண்டன், சியோல் நகரங்களின் சிறிய அரங்குகளில் இந்த வகை நன்றாக வேரூன்றியிருக்கிறது. பியானோவும் ஹார்ப்பும் மட்டும் துணையிருக்க 1960இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘தி ஃபென்டாஸ்டிக்ஸ்’ 2002 வரை 17,162 காட்சிகள் ஓடியது. செலவு குறைவு என்பதால்தான் பல தயாரிப்புகள் சிறிதாகத் தொடங்குகின்றன. ஆனால் நடிகரின் பார்வையில் இது சின்ன வேலை அல்ல. பெரிய குழுவில் இருபது பேர் பங்கிட்டுக்கொள்ளும் பாட்டும் அசைவும் பேச்சும் இங்கே ஒருவர் தலையில் விழுகின்றன.

புதிய படைப்பு பெரும்பாலும் வாசிப்பில் தொடங்கும். அமெரிக்க நடிகர் சங்க விதிப்படி நடக்கும் ஒரு வகை வாசிப்பில், ஒத்திகையும் அரங்கேற்றமும் சேர்ந்து 29 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நடிகர்கள் இசைத்தாள் தாங்கியின் முன் நின்று, பிரதியைக் கையில் வைத்துப் பாடுவார்கள். இந்த நேரத்துக்குள் பாத்திரம் முழுமையாகப் பிடிபடாது. பாடலின் தாளமும் சொற்களும் பிசகாமல் வந்தால் போதும். இசையமைப்பாளர் தம் குரலிலேயே பாடிப் பதிவுசெய்த மாதிரி ஒலிப்பதிவு கைக்கு வரும். மெட்டைக் கற்க அது உதவும். பாவத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டால் நடிகருக்கு என்று எதுவும் மிஞ்சாது. சுருதி பொருந்தவில்லை என்றால் சொல்ல வேண்டிய இடமும் இந்த வாசிப்புதான். பாத்திரம் இந்தக் குரலுக்காகவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது அரைக் கட்டை இறக்குவது எளிது. வாத்தியங்களுக்கு இசை பிரித்து எழுதியபின் அதுவே பெரிய வேலையாகிவிடும்.

அடுத்து வருவது மாற்றம். புதிய நாடகத்தில் நடிகரை மிகவும் சோதிப்பது இதுதான். மனநோயோடு போராடும் ஒரு தாயைப் பற்றிய, ஆறே நடிகர்கள் கொண்ட ‘நெக்ஸ்ட் டு நார்மல்’ 2008இல் நியூயார்க்கின் செகண்ட் ஸ்டேஜ் அரங்கில் மேடையேறியது. பிறகு திருத்தப்பட்டு வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜுக்குப் போய், 2009இல் நியூயார்க்கின் பெரிய அரங்குகளான பிராட்வேக்கு வந்தது. இடையில் சில பாடல்கள் நீக்கப்பட்டன. நாடகத்தின் தொனியே மாறியது. தாய் டயானாவாக மூன்று இடங்களிலும் நடித்தவர் ஆலிஸ் ரிப்லி. அந்த வேடத்துக்கு அவர் டோனி விருது பெற்றார். 2010இல் நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ‘தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ 2001இல் சிகாகோவை அடுத்த ஸ்கோக்கியிலிருந்து மறு ஆண்டு நியூயார்க்குக்கு வருவதற்குள், அதன் நாயகனின் முதல் பாடலே மாறிவிட்டது.

முன்னோட்டக் காட்சிகள் நடக்கும் வாரங்களில் பகலில் புதிய பக்கங்களை ஒத்திகை பார்த்து, அன்று இரவே பார்வையாளர் முன் அதை நடிக்க நேரிடும். அப்போது நடிகரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் புதிய வரி அல்ல, நாக்கில் ஊறிப்போன பழைய வரி. ஆகவே மாறிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடிப் பயனில்லை. அதற்கு முந்தைய சில வரிகளிலிருந்து தொடங்கி, மாற்றத்தைக் கடந்து, பழைய பகுதியில் மறுபடி சேரும்வரை ஒரே ஓட்டமாகப் பாடிப் பழக வேண்டும். சறுக்கல் நேர்வது இந்த இணைப்புகளில்தான். எழுத்தாளரிடம் கருத்துச் சொல்லும்போதும் ‘இந்தப் பாட்டு பிடிக்கவில்லை’ என்பதைவிட, ‘முந்தைய காட்சியின் கோபத்திலிருந்து இந்த முதல் வரிக்கு வர எனக்கு வழி தெரியவில்லை’ என்று சொல்வது அவருக்கு உதவும். பாத்திரத்துக்குள் நின்றுகொண்டிருப்பவருக்கு மட்டுமே தெரியும் செய்தி அது.

சிறு குழுவில் ஒருவரே பல வேடம் தாங்குவது வழக்கம். 2001 செப்டம்பர் 11 அன்று கனடாவின் கேண்டர் ஊரில் தரையிறக்கப்பட்ட 38 விமானங்களின் கதையான ‘கம் ஃப்ரம் அவே’யில், 12 நடிகர்கள் ஊராரும் பயணிகளுமாக மாறி மாறி வருகிறார்கள். 2019இல் லண்டனின் நியூ டயோரமா அரங்கில் தொடங்கிய ‘ஆபரேஷன் மின்ஸ்மீட்’டில் ஐந்தே பேர் எண்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களை ஏற்கிறார்கள். ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி, நிற்கும் வாகு ஆகியவையே ஆளை மாற்றிக் காட்ட வேண்டும். முதலில் முதுகெலும்பையும் நடையையும் மாற்றுவது நல்லது. குரலைப் பிறகு பார்க்கலாம். தொண்டையை இறுக்கிக் கரகரப்பான கிழக்குரல் எடுப்பவர், அடுத்த காட்சியில் மேல் ஸ்தாயியில் பாட வேண்டியிருந்தால் அதற்கான விலையை அங்கே கொடுப்பார். உச்சரிப்பிலும் வேகத்திலும் வேறுபாடு காட்டினால் குரல் பிழைக்கும்.

பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். சில நாள் பகலும் இரவும் ஆட்டம் உண்டு. ‘தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ போன்ற இருவர் நாடகத்தில் இந்தச் சுமை உச்சத்தைத் தொடும். கணவனின் கதை முன்னோக்கியும் மனைவியின் கதை பின்னோக்கியும் நகர, இருவரும் ஒரே காலத்தில் சந்திப்பது நடுவில் வரும் திருமணப் பாடலில்தான். மற்ற நேரமெல்லாம் எதிரே இல்லாத ஒருவரைப் பார்த்துப் பாட வேண்டும். எதிராளியின் முகம் தரும் தூண்டுதலை நடிகரே தமக்குள் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தகைய வேடத்தில் ஒத்திகையின்போது எல்லாவற்றையும் முழுக் குரலில் பாடாமல் இருப்பது அவசியம். மெல்லக் குறித்துக் காட்டிப் பாடும் நாள் எது, முழுக்கப் பாடும் நாள் எது என்று இசை இயக்குநரோடு முன்கூட்டியே பேசி வைப்பது நலம். ஆவி பிடித்தல், உறிஞ்சு குழாய் வழியே ஊதிக் குரலைத் தளர்த்துதல், ஆட்டம் இல்லாத நாளில் பேச்சைக் குறைத்தல் ஆகியவை பரவலான பழக்கங்கள். கூட்டுப் பாடலில் ஒவ்வொரு சுருதிவரிக்கும் ஒருவர் மட்டுமே இருப்பதால், ஒருவர் தயங்கினாலும் அந்த ஒத்திசைவில் ஓட்டை விழும்.

சிறு நாடகங்களில் பியானோ வாசிப்பவரே பெரும்பாலும் வாத்தியக் குழுவை நடத்துவார். வசனம் முடியும்வரை இரண்டு மூன்று அட்சரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருப்பது அவர் வேலை. அவர் எந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறார் என்பதை நடிகர் அறிந்திருந்தால், அன்றைய சிரிப்பலைக்கு ஏற்ப வசனத்தை நீட்டவும் சுருக்கவும் முடியும். இந்தச் சுதந்திரம் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் எளிதில் வாய்க்காது.

மேடைக்குப் பின்னாலும் ஓய்வு கிடையாது. ‘கம் ஃப்ரம் அவே’ இடைவேளையின்றி ஏறக்குறைய 100 நிமிடம் ஓடும். தண்ணீர்க் குப்பி எந்தப் பக்கம், அடுத்த தொப்பி எந்த நாற்காலியில் என்பதெல்லாம் பாட்டு வரிகளைப் போலவே மனப்பாடம் ஆக வேண்டும். நாலைந்து பேர் மாதக்கணக்கில் ஒரே அறையில் இருக்கும்போது, சக நடிகரின் நடிப்பைத் திருத்தும் ஆசை எழும். அதை நேராகச் சொல்லாமல் மேடை மேலாளர் மூலம் கொண்டுபோவதே முறை. சின்னக் குழுவில் ஒருவர் மனம் கோணினால் அது அன்றைய ஆட்டத்திலேயே தெரியும்.

ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் பதிலி நடிகர் வருவார். அவர் பல வேடங்களைப் படித்து வைத்திருப்பார். எனவே முதல் நடிகர் தம் நகர்வுகளை நாளுக்கு நாள் விருப்பம்போல் மாற்றாமல் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் உதவி. நாடகம் வேறு ஊருக்குப் போகும்போதும் நடிகர்கள் மாறுவதுண்டு. சியோலில் 2016இல் கொரிய மொழியில் தொடங்கிய சிறு குழு நாடகம் ‘மேபி ஹேப்பி எண்டிங்’, 2024இல் பிராட்வேக்கு ஆங்கிலத்தில் வேறு நடிகர்களோடு வந்தது; மறு ஆண்டு சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதை வென்றது. முதலில் நடித்தவர் எல்லா இடத்துக்கும் கூடவே போவதில்லை. ஆனால் அவர் குரலுக்காக இறக்கிய சுருதியும், அவர் மூச்சுக்காக நிறுத்திய இடமும் அச்சான இசைப்பிரதியில் தங்கிவிடுவதுண்டு. பின்னால் வருபவர்கள் அந்தச் சுருதியில்தான் பாடக் கற்கிறார்கள்.