செஞ்சிக்கு ஒரு நாள்

கேள்வி: தனியாகப் போய் மலையேறி, ஊரும் சுற்றி, இரவுக்குள் சென்னை திரும்ப எந்த ஊர் தோதுப்படும்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: செஞ்சி. விடியுமுன் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்து, அங்கே மாறிக்கொள்ளுங்கள். முதலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று. சுமார் 800 அடி உயரம். படிகள்தான், ஆனால் வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பிளவின்மேல் ஒரு சிறு பாலம். சிவாஜியின் மகன் ராஜாராமின் ஆட்கள் 1690களில் முகலாயப் படையை வருடக்கணக்கில் இழுத்தடித்தது எப்படி என்பது அங்கே நின்றால் விளங்கும். தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும், குரங்குகள் கெட்டிக்காரர்கள். இறங்கியதும் கல்யாண மகால். கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரியையும் அன்றே ஏறுவது வீம்பு. சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் சிங்கவரம் குடைவரைப் பெருமாளையும், திருநாதர்குன்றில் ஒரே பாறையில் செதுக்கிய 24 தீர்த்தங்கரர்களையும் பாருங்கள். பெருமாள் கோயில் நடை திறக்கும் நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.