காலம் கழிதலைக் குறிக்கும் ஆங்கில வினைத்தொடர்களும் தமிழ் வினைவழக்கும்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்த தீர்ப்பை வழங்கியது. தீபாவளியன்று பட்டாசு வெடிக்க இரவு 8 மணி முதல் 10 மணி வரை இரண்டு மணி நேரமே ஒதுக்கப்பட்டது; சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. அம்மாதங்களில் ஒரு தொழிலாளர் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் கூற 'எப்படியோ காலம் தள்ளினார்கள்' என்னும் தமிழ்த்தொடர் ஒன்றே போதும்.

இச்செய்தியை அக்குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுத முற்படுவதாகக் கொள்வோம். காலத்தைக் கழித்தல் என்னும் பொருளில் அவருக்கு எளிதில் அகப்படும் தொடர் 'வொயில் அவே'. அதனை இட்டு எழுதினால் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இராது, பொருளோ தலைகீழாகும். அத்தொடர் அவசரமின்றி இனிதாகப் பொழுதுபோக்குவதைக் குறிப்பது. வேலையற்ற வீட்டின் நெருக்கடி, படிப்பவர்க்கு ஓய்வாகத் தோன்றிவிடும். இத்தகைய பிறழ்ச்சி சொல்லறிவுக் குறைவால் மட்டும் நேர்வதன்று; காலம் கழிதலை இருமொழிகளும் வெவ்வேறு இலக்கணக் கூறுகளில் ஏற்றிச் சொல்வதால் நேர்வது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஒட்டும் சொல்லும் பிறவினையும்

ஆங்கில இலக்கணத்தார் 'பிரேசல் வெர்ப்' என வழங்குவது, ஒரு வினையோடு சிறுசொல் ஒன்று சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடர். காலத்தைப் பற்றிய தொடர்களில் அச்சிறுசொல்லே பெரும்பான்மைப் பொருளையும் சுமக்கிறது. 'கோ பை', 'ஸ்லிப் பை' என்பவற்றில் 'பை' என்பது நிற்பவரின் அருகாகக் காலம் கடந்துசெல்வதை உணர்த்தும். 'வொயில் அவே', 'ஃபிரிட்டர் அவே' ஆகியவற்றில் 'அவே' கைவிட்டு அகலுதலைக் காட்டும். 'ஆன்' இடையறாத் தொடர்ச்சி. 'அரவுண்ட்' சுற்றித் திரும்புதல்.

தமிழில் இவற்றுக்கு நேரான சிறுசொற்களைத் தேடுவது பயன் தராது. தமிழ் இவ்வேறுபாடுகளில் ஒரு பகுதியைத் தன்வினை, பிறவினை இணைகளாலும் மறுபகுதியைத் துணைவினைகளாலும் காட்டுகிறது. காலம் ஓடியது, காலத்தை ஓட்டினாள். பொழுது போயிற்று, பொழுதைப் போக்கினான். நாள் கழிந்தது, நாளைக் கழித்தார். இணையின் முதற்கூற்றில் காலமே எழுவாய். பின்னதில் அது செயப்படுபொருள். தமிழ் மாணவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, காலம் தானே நகர்கிறதா, எவரேனும் நகர்த்துகிறாரா என்பதாகும். அதற்கு விடை கண்டபின் ஆங்கிலத் தொடரைத் தேடினால் பிழையிற் பாதி குறையும்.

எல்லா இணைகளும் இவ்வாறு ஒழுங்காக அமைவதில்லை. 'காலம் கடந்தது' என்பது வெறும் கழிவையோ உரிய வேளை தவறியதையோ குறிக்கும். 'காலம் கடத்தினார்' என்பதோ வேண்டுமென்றே தாமதித்தலாகும். பிறவினையாக்கத்தில் ஒரு குற்றச்சாட்டும் உடன் வந்து சேர்கிறது. (இறந்த காலம் என்பதிலுள்ள 'இற' என்னும் வினைக்கும் கடத்தல் என்பதே பழம்பொருள். சுரத்தைக் கடந்து சென்றவரைச் சங்கப் பாடல்கள் இறந்தோர் என்று சொல்வது அறிந்ததே.)

இழுத்தலும் இழுத்தடித்தலும்

இருமொழி உருவகமும் ஒன்றேயாகும் இடமும் உண்டு. பட்டாசுக்கு எதிரான வழக்கு, தில்லிக் குழந்தைகள் மூவர் பெயரில் 2015ஆம் ஆண்டு தொடுக்கப்பட்டது. 2018இல் தீர்ப்பு வந்தது. 2021 அக்டோபர் 29ஆம் நாள் அதே தடைகளை வலியுறுத்தும் ஆணை மீண்டும் பிறந்தது. இதனைத் தமிழில் 'வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது' என்பர். ஆங்கிலத்தில் 'டிராக் ஆன்' என்பர். வினையும் இழுத்தலே. 'ஆன்' செய்யும் பணியைத் தமிழில் 'கொண்டே போ' செய்கிறது.

ஒருவர் வேண்டுமென்றே நீட்டினால் ஆங்கிலம் சிறுசொல்லை மாற்றி 'டிராக் அவுட்' என்னும். தமிழோ 'அடி' என்னும் வினையைச் சேர்த்து 'இழுத்தடித்தார்' என்னும். தானே நீள்வது 'ஆன்', நீட்டப்படுவது 'அவுட்' என்று வகுப்பில் விதி கூறுவதைவிட, வழக்கு இழுக்கிறது என்பதற்கும் கூலிப் பாக்கியைத் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினால், இவ்வட்டார மாணவர்க்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பொழுது ஏறுதல்

'வேர் ஆன்' என்னும் தொடர் நாள் மெல்ல நகர்வதைச் சொல்லும். ஞாயிறு எங்குள்ளது என்பதைச் சொல்லாது. தமிழில் 'பொழுது' காலத்தையும் ஞாயிற்றையும் ஒருங்கே குறிப்பதால் அவ்வாறு பொதுவாகக் கூற இயலவில்லை. உச்சிக்கு முன்னாயின் 'பொழுது ஏற ஏற'. பின்னாயின் 'பொழுது சாயச் சாய'. எது என்று தெரியாமல் மொழிபெயர்க்க முடியாது. பட்டாசுத் தொழிலில் இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் குளிர்ந்த வேளையில் முடித்துக்கொள்வதும், கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்காமல் அன்றன்றே தீர்ப்பதும் தொழிலின் பாதுகாப்பு நெறிகள். 'பொழுது ஏறிவிட்டது' என்பது அங்கே வெறும் நேரக்குறிப்பாக நிற்பதில்லை, எச்சரிக்கையாகவும் ஒலிக்கிறது. ஆங்கிலத் தொடரில் இவ்வெச்சரிக்கை இல்லை. மொழிபெயர்ப்பவர் வெயிலைத் தனியே எழுதித்தான் ஆகவேண்டும்.

வராத தீபாவளி வந்துவிடுதல்

'ரோல் அரவுண்ட்' என்பது ஆண்டுதோறும் திரும்பும் நாள் வந்து சேர்வதைக் குறிப்பது. தீபாவளிக்கு இதனைவிடப் பொருத்தமான தொடர் இல்லை எனலாம். ஆயினும் இங்கொரு சிக்கல் உள்ளது. பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே 'தீபாவளி வந்துவிட்டது, சரக்கு இன்னும் போகவில்லை' என்று பேசுவது இயல்பு. வடிவம் இறந்தகாலம்; பொருள் எதிர்காலம். இது பிழையன்று. எதிர்காலத்திலும் நிகழ்காலத்திலும் நிகழ்வனவற்றை விரைவு கருதி இறந்தகாலத்தாற் கூறலாம் எனத் தொல்காப்பிய வினையியல் வகுத்துள்ளது. இன்னும் உண்டு முடியாதவன் தன்னை அழைப்பவரிடம் 'உண்டேன், வந்தேன்' என்பது உரைமரபில் வரும் எடுத்துக்காட்டு. நன்னூல் இக்காலமயக்கத்துக்கு மிகுதி, தெளிவு முதலியவற்றையும் காரணமாகச் சேர்க்கும்.

எனவே மேற்கண்ட வாக்கியத்துக்கு 'ரோல் அரவுண்ட்' பொருந்தாது. நெருங்கி வருவதைச் சொல்லும் 'கம் அப்' என்பதே ஏற்றது. தமிழ் இலக்கணத்தில் காலவழுவமைதி படித்த மாணவர் ஆங்கில வகுப்பில் அதனை நினைவுகூர்வதில்லை என்பது இரு பாடங்களும் தனித்தனி அறைகளில் நடப்பதன் விளைவு. சிவகாசி அச்சகங்களில் இம்மயக்கம் இன்னும் வேடிக்கையானது. அடுத்த ஆண்டு நாள்காட்டிகளின் மாதிரித் தொகுப்பு ஆடிப்பெருக்கன்று பூசையிட்டு வெளியிடப்படும். சனவரி பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போதே அவ்வூரில் புத்தாண்டு கைக்கு வந்துவிடுகிறது.

தள்ளுதல்

தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட 'காலம் தள்ளு' என்பதைத் தனியே நோக்க வேண்டும். ஓடு என்பதற்கு ஓட்டு இருப்பது போலத் தள்ளு என்பதற்கு இப்பொருளில் தன்வினை இணை இல்லை. காலம் ஓடும், போகும், கழியும், நகரும். காலம் தானே 'தள்ளாது'. தள்ளுவதற்கு ஓர் ஆள் வேண்டும். காலத்தைத் தானே இயங்காத சுமையாக வைத்து, அதனை முன்னே நகர்த்துபவரின் உழைப்பைச் சுட்டும் வினை இது. 'போ' சேர்ந்து 'தள்ளிப்போதல்' ஆகும்போது ஆள் மறைந்து ஒத்திவைப்புப் பொருள் வருகிறது. திருமணம் தள்ளிப்போயிற்று என்பது போல. பெண்களின் பேச்சில் 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்பது கருவுற்றதன் குறிப்பு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலம் அறிந்தவர்க்கு ஒன்றும் விளங்காது.

'காலம் தள்ளினார்கள்' என்பதற்கு ஏற்ற ஆங்கிலத் தொடர் 'கெட் பை'. காலம் அருகாகச் செல்வதைச் சொன்ன அதே 'பை' இங்கும் வருகிறது. எழுவாய் மட்டும் மாறி, இடரைக் கடந்துசெல்பவர் மனிதராகிறார். காலம் என்னும் சொல்லோ ஆங்கிலத் தொடரில் இடம்பெறவே இல்லை. மாணவர் 'டைம்' என்னும் சொல்லை விடாமல் பற்றிக்கொண்டு தேடுவதாலேயே 'வொயில் அவே'யில் சென்று விழுகிறார். அச்சொல்லைக் கைவிட்டு, தள்ளியவர் எவர், எதைத் தாண்டினார் என்று தேடினால் 'கெட் பை' கிடைக்கும். அப்போதும் ஒன்று விடுபடுகிறது: ஆலை மூடிய மாதங்கள் ஒவ்வொரு நாளாக நகர்த்தவேண்டிய பாரமாக இருந்தன என்பது. அதனைச் சொல்ல அம்மாணவர் கடன், அடகு, தீப்பெட்டி ஒட்டும் வேலை என்று இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதவேண்டியிருக்கும்.