சோயா மொச்சை

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் நின்று நோக்கின், சுற்றிலும் சமவெளி பரந்து கிடக்கும். இந்நிலத்தில் சோயா மொச்சை விளையுமா? விளையும், ஆயின் விதை இவ்விடத்துக்கு இசைந்ததாதல் வேண்டும். சோயாச் செடி பகலின் நீளத்தை அறிந்து பூப்பது. கோடையில் நெடும்பகலுடைய வடபுல நாடுகளின் வகையை இங்கு விதைத்தால், நம் குறும்பகலால் ஏமாந்து, முழங்கால் உயரம் வளருமுன்னரே பூத்துவிடும்; காயோ சில. உழவன் செலவிட்ட பொருளும் உழைப்பும் வீணே. ஆதலின் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தமிழ்நாட்டுக்கு ஏற்ற கோ 1 முதலிய வகைகளை வெளியிட்டனர்.

நல்விதை மட்டும் போதாது. இச்செடியின் வேரில் முடிச்சிட்டுக் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும் நுண்ணுயிர், சோயா விளையாத புதுநிலத்தில் பெரும்பாலும் இராது. அதனை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பர். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் மாளும். நெடுநாள் வைத்த விதையும் ஆகாது. அதன் முளைப்புத்திறன் விரைவில் குன்றிவிடும்.