துணையை இழந்தவருக்கான உதவித்தொகை: பிரித்தானியாவில் முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை

பிரித்தானியாவில் கணவனையோ மனைவியையோ இழந்தவர் அரசு ஓய்வூதிய வயதை எட்டாதவராக இருந்தால், அவருக்குரிய முதன்மையான உதவி ‘பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட்’. இறந்தவர் உழைத்த காலத்தில் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸால் வரும் உரிமை இது. இதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் கேட்காமல் இந்தப் பணம் வராது. முழுத் தொகையும் வேண்டுமென்றால் இறந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி என்று முதல் மாதம் எப்படிப் போனதென்றே தெரியாது. துக்கத்தில் இருப்பவரால் படிவங்களைத் தேடி ஓடவும் முடியாது. ஆகவே கூடவே நிற்கும் மகளும் தம்பியும் நண்பரும் இதைப் படித்து வைத்திருப்பது நல்லது.

1. மரணத்தைப் பதிவு செய்யுங்கள்

பதிவாளரிடம் மரணச் சான்றிதழின் பிரதிகளைக் கூடுதலாகவே வாங்குங்கள். வங்கியும் காப்புறுதி நிறுவனமும் தனித்தனியாகக் கேட்கும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில் ‘டெல் அஸ் ஒன்ஸ்’ சேவை மூலம் பல அரசுத் துறைகளுக்கு ஒரே தடவையில் அறிவிக்கலாம். ஆனால் அது அறிவிப்பு மட்டுமே. உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

2. தகுதியைச் சரிபாருங்கள்

• மரணம் நடந்த நாளில் நீங்கள் அரசு ஓய்வூதிய வயதுக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். அந்த வயது, பிறந்த தேதியைப் பொறுத்து 66 அல்லது அதற்கு மேல்.

• இறந்தவர் 1975 ஏப்ரல் 6-க்குப் பின் ஏதாவது ஒரு வரி ஆண்டில் குறைந்தது 25 வாரங்களுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் பார்த்த வேலையாக இருந்தாலும் சரி, சொந்தக் கடையாக இருந்தாலும் சரி, அந்த ஒரு ஆண்டு போதும். வேலையிட விபத்தாலோ வேலையால் வந்த நோயாலோ இறந்திருந்தால் இந்த நிபந்தனை இல்லை. ‘அவர் கொஞ்சக் காலம்தானே வேலை செய்தார்’ என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

• சட்டப்படி திருமணமானவராகவோ சிவில் பார்ட்னராகவோ இருக்க வேண்டும். 2023 பெப்ரவரி 9 முதல், திருமணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் சைல்ட் பெனிபிட்டுக்கு உரிய பிள்ளை இருந்தால், அல்லது துணை இறந்தபோது கர்ப்பமாக இருந்திருந்தால், உரிமை உண்டு. இங்கே கோயிலில் தாலி கட்டிச் சட்டப்பதிவு செய்யாமல் விட்ட பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஊருக்குப் போன இடத்தில் துணை இறந்திருந்தாலும், உங்கள் வழக்கமான வாழ்விடம் பிரித்தானியா என்றால் விண்ணப்பிக்கலாம். அந்நாட்டு மரணச் சான்றிதழையும் தேவைப்பட்டால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் எடுத்து வையுங்கள்.

3. எவ்வளவு கிடைக்கும்?

சைல்ட் பெனிபிட் பெறுபவருக்கும், பெற உரிமை உள்ளவருக்கும், கர்ப்பமாக இருந்தவருக்கும் உயர்ந்த விகிதம்: முதலில் 3,500 பவுண்டு, பின்னர் மாதம் 350 பவுண்டு வீதம் 18 மாதம்வரை. மொத்தம் 9,800 பவுண்டு. மற்றவர்களுக்கு 2,500 பவுண்டும், மாதம் 100 பவுண்டு வீதம் 18 மாதம்வரையும். மொத்தம் 4,300 பவுண்டு.

இதற்கு வருமான வரி இல்லை. நீங்கள் வேலைக்குப் போனாலும், மறுமணம் செய்தாலும் இது நிற்காது.

மூன்று மாதம் தாண்டிவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத் தொகை கைநழுவும். 12 மாதம் கடந்தால் முதல் தொகையும் போய்விடும். 21 மாதத்துக்குப் பின் எதுவும் இல்லை.

4. விண்ணப்பியுங்கள்

அரசு இணையதளத்திலோ, 0800 151 2012 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலோ, தபால் படிவத்திலோ விண்ணப்பிக்கலாம். இருவருடைய நேஷனல் இன்சூரன்ஸ் எண்கள், இறந்த தேதி, உங்கள் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அழைத்த தேதியையும் சொல்லப்பட்டதையும் குறித்து வையுங்கள்.

5. மற்ற உதவிகளையும் பாருங்கள்

யூனிவர்சல் கிரெடிட்: சேர்ந்து பெற்று வந்திருந்தால் மரணத்தை உடனே தெரிவியுங்கள். புதிதாக விண்ணப்பிக்கவும் வருமானத்தைப் பொறுத்து இடமுண்டு. பெரீவ்மென்ட் தொகை முதல் ஒரு வருடத்துக்கு இதைப் பாதிக்காது. அதன்பின் முதல் தொகையில் மிச்சமிருப்பது சேமிப்பாகக் கணக்கிடப்படலாம்.

ஈமச்செலவு: யூனிவர்சல் கிரெடிட் போன்ற உதவி பெறுபவர்கள் தகனச் செலவுக்கு அரசு உதவி கேட்கலாம். இறுதிச்சடங்கு நடந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

கவுன்சில் டாக்ஸ்: வீட்டில் வயது வந்தவர் இனி நீங்கள் ஒருவர்தான் என்றால் 25 சதவீதக் கழிவு உண்டு. கவுன்சிலுக்கு நீங்களே சொல்ல வேண்டும்.

சைல்ட் பெனிபிட்: இறந்தவர் பெயரில் வந்திருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வேலையிடம்: பணியிலிருக்கும்போது இறந்தால் தரும் தொகையும், துணைக்கான ஓய்வூதியமும் உண்டா என்று இறந்தவரின் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய வேலைகளின் ஓய்வூதியத்தை அரசின் இலவச ‘பென்ஷன் டிரேசிங் சர்வீஸ்’ மூலம் தேடலாம்.

6. விசாவில் இருப்பவர்கள்

‘பொது நிதி பெறக் கூடாது’ என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தாலும் பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட்டைக் கேட்கலாம். கட்டிய பங்களிப்புக்கு வருவதால் அது பொது நிதியில் சேராது. யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிபிட், ஈமச்செலவு உதவி ஆகியவை சேரும். அவற்றைத் தொடுமுன் குடிவரவு ஆலோசகரிடம் பேசுங்கள். பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள துணையின் விசாவில் நீங்கள் வந்திருந்தால், ஐந்து ஆண்டு முடியும்வரை காத்திராமல் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. அதையும் அவரிடமே கேளுங்கள்.

7. மறுத்தால் விடாதீர்கள்

முடிவு தவறென்று தோன்றினால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ இலவசமாக உதவும்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் ‘ஏதாவது உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ’ என்பதோடு நிறுத்தாமல், விண்ணப்பத் தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசி முடியும்வரை பக்கத்தில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பேருதவி.