அந்தாதியின் முதற்சொல்

ஹைதராபாத்தின் மேற்கே கச்சிபௌலியில் மென்பொருள் பணியாற்றும் அன்பர் ஒருவர், சிறுவயதில் திருக்கடையூருக்கு அருகிலுள்ள தம் கிராமத்தில் அன்னையுடன் அமர்ந்து அபிராமி அந்தாதி முழுவதையும் மனப்பாடம் செய்தவர். அன்னையின் முதலாண்டுத் திதியன்று, அடுக்குமாடி வீட்டில் அவரது படத்தின் முன் பாட அமர்ந்தார். முதற்சொல்லே வரவில்லை. 'அம்மா தந்ததைத் தொலைத்துவிட்டேனே!' என்று கலங்கிப்போனார்.

உண்மையில் தொலைந்துதான் போயிற்றா?

எண்டல் டல்விங், ஜீனா பியர்ல்ஸ்டன் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் 1966-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களுக்கு விலங்கு, கருவி என்பன போன்ற இனங்களாகப் பகுத்த சொற்பட்டியல்களைக் கேட்கச் செய்தனர். பின்னர் ஒரு சாராருக்கு இனப்பெயர்களை நினைவூட்டினர், மற்றவருக்கு நினைவூட்டவில்லை. பின்னவர் கூறிய சொற்கள் மிகக் குறைவு. ஆனால் அவர்களுக்கே பிறகு இனப்பெயர்களைத் தந்தபோது, சற்றுமுன் 'மறந்த' சொற்கள் பல வெளிவந்தன! உள்ளத்தில் இருப்பது வேறு, வேண்டும்போது கைக்கு எட்டுவது வேறு என்பதே அவர்கள் கண்டது.

எட்டச் செய்வது ஏதோ ஒரு குறிப்பு: ஒரு மணம், ஒரு குரல், ஒரு வேளை. இடமும் அவ்வாறே என்பர். நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலேயே நன்கு நினைவுக்கு வந்தன என்று 1975-இல் முக்குளிப்போரைக் கொண்டு ஓர் ஆய்வு காட்டியது. எனினும் 2021-இல் வெளியான மறுசோதனையில் அவ்விளைவு தென்படவில்லை. ஆகவே, ஊர் மாறியதாலேயே மறந்தார் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.

நம் முன்னோர் நூலின் அமைப்பிலேயே இக்குறிப்பைப் பொதிந்து வைத்தனர். அந்தாதியில் ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகிறது. ஒன்றைப் பாடி முடித்தால் அது மற்றொன்றைக் கைபிடித்து அழைத்து வரும். நூறாவது பாடலும் முதற்பாடலுக்கே திரும்பி வந்து சேர்கிறது. ஆனால் பாட அமரும்போது முதற்பாடலை அழைத்துவர அதற்கு முன் பாடல் ஏது? அவ்வன்பருக்கு அந்தக் கை, விளக்கேற்றிவிட்டு அன்னை எடுத்துக்கொடுத்த குரல்தான்.

அன்று அவர் ஊரிலிருந்த தமக்கையைத் தொலைபேசியில் அழைத்தார். தமக்கை முதற்சொல்லை மட்டும் சொன்னாராம். நூறாவது பாடல் முடியும்வரை தம்பி எங்கும் நிற்கவில்லை. இப்போது கிராமத்து வீட்டின் குத்துவிளக்கு கச்சிபௌலியில் இருக்கிறது. மாலையில் அதை ஏற்றிய பிறகே பாடத் தொடங்குகிறார்.