இணையச் சான்றிதழ்: பிழையும் திருத்தமும்

முன்னுரை

நம் துறையின் பழைய மலர்களை ஒளிவருடி, துறைக்குரிய கணினி ஒன்றையே வழங்கியாக அமைத்து, மாணவர் படிக்குமாறு இணையத்தில் வைத்தோம். சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலை, இவ்விணைப்பு பாதுகாப்பற்றது என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றியது. ‘பொருட்படுத்தாமல் மேலே செல்லுங்கள்’ என்று மாணவர்களிடம் கூறினேன். அவ்வாறு கூறியது தவறு. அத்தவற்றிலிருந்து கற்றவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சான்றிதழின் பணி

எச்.டி.டி.பி.எஸ். முறையில் செய்திகள் இடையில் எவரும் படிக்க இயலாதவாறு மறைத்து அனுப்பப்படுகின்றன. ஆயினும் மறைப்பு மட்டும் போதாது. மறுமுனையில் இருப்பது உரிய வழங்கிதானா என்பதும் உறுதியாதல் வேண்டும். அதற்குரியதே சான்றிதழ். 2015 டிசம்பர் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இதனைப் பொதுமக்கள் அனைவர்க்கும் கட்டணமின்றி வழங்கி வருகிறது.

பிழைகள் நால்வகை

பெரும்பாலான பிழைகளைப் பெயர், நாள், தொடர், வாயில் என்னும் நான்கனுள் அடக்கலாம்.

1. பெயர்ப்பிழை: முகவரியிலுள்ள பெயர் சான்றிதழிலும் இடம்பெற்றிருத்தல் வேண்டும். மூன்று ‘டபிள்யூ’ முன்னிற்கும் பெயரும் அவையின்றி நிற்கும் பெயரும் வெவ்வேறானவை. இரண்டையும் சேர்த்தே சான்றிதழ் பெறுதல் நன்று.

2. நாட்பிழை: சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. 2020 செப்டம்பரில் 398 நாளாக வரையறுக்கப்பட்ட உச்சவரம்பை, 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகக் குறைப்பதென 2025இல் முடிவாயிற்று. எனவே நினைவை நம்பாமல், செர்ட்பாட் போன்ற மென்பொருளால் தானே புதுப்பிக்கச் செய்தல் இன்றியமையாதது. ஒரு கணினியில் மட்டும் எச்சரிக்கை தோன்றினால், முதலில் அக்கணினியின் நாளையும் நேரத்தையும் நோக்குக.

3. தொடர்ப்பிழை: உலாவி அறிந்திருப்பது மூலச் சான்றிதழை மட்டுமே. அதற்கும் நம் சான்றிதழுக்கும் இடைப்பட்ட சான்றிதழை நாமே உடன் அனுப்புதல் வேண்டும். அது விடுபடின், ஓர் உலாவியில் திறக்கும் பக்கம் மற்றொரு கைப்பேசியில் திறவாது. செர்ட்பாட் தரும் கோப்புகளுள் ‘ஃபுல்செயின்’ என்பதையே வழங்கிக்குக் காட்டுக.

4. வாயிற்பிழை: இது சான்றிதழ் பெறும்போதே நேர்வது. பரவலாக உள்ள முறையில், சான்றிதழ் அமைப்பு 80ஆம் எண் வாயில் வழியே வந்து நம் வழங்கியில் ஒரு சிறு கோப்பைத் தேடும். அவ்வாயில் அடைபட்டிருந்தாலோ, பெயர்ப்பதிவு வேறு கணினியைச் சுட்டினாலோ சான்றிதழ் கிட்டாது. மீண்டும் மீண்டும் முயன்றால் சிறிது காலம் தடையும் விதிக்கப்படும். ஆகவே சோதனைக்கென உள்ள தனி அமைப்பில் முதலில் முயல்க.

எங்கள் பிழை

உலாவியில் சான்றிதழைத் திறந்து நோக்கினேன், காலம் முடிந்திருந்தது. வழங்கியிலுள்ள கோப்பை நோக்கினேன். அது புதுப்பிக்கப்பட்டே இருந்தது! கோப்பு புதிதாயினும், என்ஜினெக்ஸ் தன் நினைவகத்தில் இருந்த பழைய சான்றிதழையே அனுப்பிக்கொண்டிருந்தது. அமைப்பை மறுபடி ஏற்றுமாறு ஓர் ஆணை இட்டதும் குறை நீங்கியது. புதுப்பிக்கும்போதெல்லாம் அவ்வாணையும் தானே நிகழுமாறு அமைத்துவிட்டோம்.

முடிவுரை

திருத்தம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அன்று காலை நான் கூறிய சொல்லைத் திரும்பப் பெறுதல் எளிதன்று. எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லுமாறு ஆசிரியரே பழக்கிவிட்டால், நாளை இணைப்பின் இடையே புகுந்து வங்கியின் பெயரால் ஏய்ப்பவன் முன்னும் மாணவர் அவ்வாறே செய்வர். பொருள் உணராமல் அடுத்த அடிக்குச் செல்லாதே என்று செய்யுள் வகுப்பில் கூறுகிறோம். திரையில் தோன்றும் எச்சரிக்கையும் ஒரு பனுவலே. அதனை முழுதும் படித்து, நால்வகையுள் எதுவெனத் தெளிந்து, பின்னர்ச் செயற்படுவோமாக!